பெயருக்கு மைதானம், ஆளுக்குத் தெரு

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மேற்குப் பகுதியில் ஜாக்கி ராபின்சன் பெயரில் ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. வெள்ளையர்கள் மட்டுமே ஆடிவந்த அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பாலுக்குள் 1947 இல் நுழைந்து அந்தச் சுவரை உடைத்த கறுப்பின வீரர் அவர். அவர் படைவீரராகவும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தரைப்படையில் லெப்டினன்ட். 1944 இல் டெக்சாஸ் ராணுவ முகாமில் ஓடிய பேருந்தில், பின்னிருக்கைக்குப் போகச் சொன்ன ஓட்டுநரிடம் முடியாது என்றார். அதையொட்டி எழுந்த வாக்குவாதத்துக்காக அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி வெளியே வந்தார்.

அவர் பெயரைத் தாங்கிய மைதானம் நிற்கும் நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1888 இல், போரில் ஊனமுற்ற படைவீரர்கள் குடியிருப்பதற்கென்றே நன்கொடையாகக் கொடுக்கப்பட்ட நிலம் அது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர்கள் அங்கே வாழ்ந்தார்கள். பிறகு குடியிருப்பு மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. மிஞ்சிய 388 ஏக்கரில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானத்துக்கும், இன்னொரு பகுதி பணக்காரத் தனியார் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்கும், மற்றவை வாகன நிறுத்தத்துக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் குத்தகைக்குப் போயின. அதே நிலத்தின் வேலிக்கு வெளியே, நடைபாதையில், 2021 நவம்பரில் அப்புறப்படுத்தப்படும்வரை, வீடில்லாத முன்னாள் படைவீரர்கள் வரிசையாகக் கூடாரம் போட்டுப் படுத்திருந்தார்கள். கூடாரங்களின்மேல் அமெரிக்கக் கொடி. உள்ளே ஒரு கறுப்பினப் படைவீரரின் பெயரில் மைதானம். அந்தப் பெயருக்குக் கிடைத்த இடம், அவரைப் போன்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் நகரங்களின் வாடகைச் சந்தையில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஆய்வு செய்துவருகிறேன். ஒப்பீட்டுக்காக அமெரிக்க வீட்டுவசதி வரலாற்றைப் படிக்கப் போன இடத்தில்தான் இந்த வேலியும் மைதானமும் என்னை நிறுத்தின. இதைப் பேசும்போதெல்லாம் தோழர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். படைவீரர்கள் தெருவுக்கு வருவது போர் தந்த மனக்காயத்தாலும் குடியாலும்தானே, அதில் நிறம் எங்கே வருகிறது? இன்னொன்று, ஏகாதிபத்தியப் படையில் வேலை பார்த்தவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும்? இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வீடு கொடுத்த சட்டம், வீடு மறுத்த சட்டம்

1944 இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்குக் கல்லூரிப் படிப்பு, வேலையில்லாக் காலத்துக்கு உதவித்தொகை, வீடு வாங்க அரசு உத்தரவாதத்துடன் கடன். முன்பணமில்லாமலேயே வீடு வாங்கலாம். 1952 வரை ஏறத்தாழ 24 லட்சம் வீட்டுக் கடன்களுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின்மேல் எழுந்ததுதான்.

சட்டத்தின் வாசகத்தில் நிறம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அதற்கான தேவையும் இருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் படைவீரர் நலக்குழுவின் தலைவராக இருந்தவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ஜான் ராங்கின். வெளிப்படையான நிறவெறியர். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அந்தந்த மாநில, உள்ளூர் அதிகாரிகள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்ணாக இருந்தார். கடனுக்கு உத்தரவாதம் தருவது மட்டும் அரசு. கடன் தருவது உள்ளூர் வங்கி. அந்த வங்கி யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. நலத்திட்டத்தின் சாவி ஊர்ப் பெரிய மனிதர்களிடம் போனால் சேரிக்கு என்ன வந்து சேரும் என்று நமக்குத் தெரியும். அங்கேயும் அதுதான் நடந்தது.

1947 இல் மிசிசிப்பி மாநிலத்தில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றை வரலாற்றாசிரியர் ஐரா காட்ஸ்னெல்சன் தன் நூலில் எடுத்துக்காட்டுகிறார். அரசு உத்தரவாதத்துடன் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட வீடு, தொழில், பண்ணைக் கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு. இருநூறு இல்லை, இரண்டு. தெற்குதான் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கிலும் வடக்கு நியூ ஜெர்சியிலும் இந்தச் சட்டத்தின்கீழ் தரப்பட்ட 67,000 வீட்டுக் கடன்களில் வெள்ளையரல்லாதவர்களுக்குப் போனவை நூறுக்கும் குறைவு.

கடன் கிடைத்தாலும் வீடு கிடைக்காது. 1947 இல் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்ற புறநகரைக் கட்டினார்கள். போரிலிருந்து திரும்பிய இளங்குடும்பங்களுக்கான மலிவு விலை வீடுகள். வெள்ளை இனத்தவரல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று 1930களிலிருந்தே அரசு நிறுவனங்கள் வகுத்து வைத்திருந்தன. ஒரே போரில், ஒரே சீருடையில் நின்ற இருவரில் ஒருவர் லெவிட்டவுனுக்குப் போனார். மற்றவர் சிவப்புக் கோட்டுக்குள் வாடகைக்குத் திரும்பினார்.

நீலத் தாள்

நமக்கு நீலம் விடுதலையின் நிறம். அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பினப் படைவீரருக்கு நீலம் வேறொன்று. பணியிலிருந்து அனுப்பும்போது கௌரவமான விடுவிப்பு என்று சான்று தருவது வழக்கம். குற்ற விசாரணை எதுவும் இல்லாமல், 'தகுதியற்றவர்' என்று ஓரங்கட்டி அனுப்புவதற்கு ஒரு தனிச் சான்று இருந்தது. நீல நிறத் தாளில் அச்சிட்டதால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1941 டிசம்பரிலிருந்து 1945 ஜூன் வரை தரைப்படை வழங்கிய 48,603 நீலத் தாள்களில் 10,806 கறுப்பினத்தவருக்குப் போயின. அதாவது 22 விழுக்காடு. படையில் அவர்களின் பங்கோ 6.5 விழுக்காடுதான். பெருந்தொகையில் இதைப் பெற்ற இன்னொரு பிரிவினர் தற்பாலீர்ப்பாளர்கள். நீலத் தாள் வாங்கியவருக்குக் கடன் இல்லை, படிப்பு இல்லை. வேலை கேட்டுப் போனால் அந்தத் தாளின் நிறமே போதும்.

1947 இல் நீலத் தாளை நிறுத்தினார்கள். ஆனால் கௌரவமற்ற வகை விடுவிப்புகள் வேறு பெயர்களில் தொடர்ந்தன. வியட்நாம் போர்க் காலத்தில் கறுப்பின இளைஞர்கள் அவற்றை அதிகமாகச் சுமந்தார்கள். மேலதிகாரியின் நிறவெறியை எதிர்த்துப் பேசினாலே 'ஒழுங்கீனம்'. அந்த ஒரு வரி, ஒருவருக்கு ஐம்பது ஆண்டுகள் மருத்துவத்தையும் வீட்டுத் திட்டத்தையும் மறுக்கப் போதுமானதாக இருந்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு வாடகை உதவித் திட்டத்தின் கதவு ஓரளவேனும் திறந்தது அண்மைக் காலத்தில்தான்.

விழும்போது தாங்க ஒரு வீடு

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். மனக்காயம் உண்மை. போருக்குப் பின் தூக்கமின்மை, குடி, மணமுறிவு எல்லாம் உண்மை. ஆனால் இவை எல்லா நிறத்தவருக்கும் வருகின்றன. இவற்றால் உடைந்துபோகிற எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவதில்லை. வேலை போய், மனைவி பிரிந்து, வாடகை கட்ட முடியாமல் நிற்கும் நாளில் ஒருவர் அப்பா வீட்டு மாடியறைக்குப் போகிறார். இன்னொருவருக்குப் போவதற்கு அப்படி ஓர் அறை இல்லை. அந்த அறை எங்கிருந்து வந்தது? தாத்தா 1948 இல் முன்பணமில்லாமல் வாங்கிய வீட்டிலிருந்து வந்தது. இன்னொருவருடைய தாத்தாவும் அதே போருக்குப் போனவர்தான். அவருக்குக் கடன் மறுக்கப்பட்டது.

சொத்து பரம்பரையாக வருவதைப்போல வீடின்மையும் பரம்பரையாக வருகிறது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பின்படி நடுநிலை வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். முன்னாள் படைவீரர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ எட்டில் ஒருவர். வீடற்ற முன்னாள் படைவீரர்களில் அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். மனக்காயத்தை மட்டும் வைத்து இந்த இடைவெளியை யாராலும் விளக்க முடியாது.

முதலில் வீடு

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் புலம்பலாகிவிடும்.

2010 இல் அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட இரவில் எடுத்த கணக்கில் வீடற்ற முன்னாள் படைவீரர்கள் ஏறத்தாழ 74,000 பேர். 2024 இல் 32,882 பேர். பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. அதே 2024 இல் அந்நாட்டில் வீடற்றோரின் மொத்த எண்ணிக்கை 7,71,480 ஆக, அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. எல்லோருக்கும் ஏறியது, இவர்களுக்கு மட்டும் எப்படி இறங்கியது?

விடை எளிமையானது. அரசு வீடு கொடுத்தது. வீட்டுவசதித் துறையும் முன்னாள் படைவீரர் நலத் துறையும் சேர்ந்து நடத்தும் வாடகை உதவித் திட்டம் ஒன்று 2008 க்குப் பிறகு பெரிதாக விரிவாக்கப்பட்டது. தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகக் கட்டினால் போதும். மீதியை அரசு வவுச்சராகத் தரும். கூடவே ஒரு நலப்பணியாளர். மருத்துவரிடம் அழைத்துப் போவது, ஓய்வூதியப் படிவம் நிரப்புவது, வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் பேசித் தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இதற்குப் பின்னால் இருந்த கொள்கைக்கு 'முதலில் வீடு' என்று பெயர். 1992 இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய முறை. அதற்கு முன் இருந்த முறையில் குடியை விட வேண்டும், மருந்து சாப்பிட வேண்டும், விடுதியில் ஒழுங்காக நடந்துகாட்ட வேண்டும். தேர்ச்சி பெற்றால் கடைசியில் வீடு. செம்பெரிஸ் இதைத் தலைகீழாக்கினார். முதலில் சாவியைக் கொடு, மற்றதைப் பிறகு பேசலாம். பூட்டிக்கொள்ள ஒரு கதவு இல்லாதவர் எப்படி நிம்மதியாகத் தூங்குவார், எப்படிக் குடியை விடுவார்? இந்த வழியில் நியூ ஆர்லியன்ஸும் ஹூஸ்டனும் 2015 இல் படைவீரர் வீடின்மையை நடைமுறையில் முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டதாக அறிவித்தன. புதிதாக ஒருவர் தெருவுக்கு வந்தால் உடனே வீடு தரும் ஏற்பாடு இருக்கிறது என்பதே அந்த அறிவிப்பின் பொருள்.

எங்களிடம் ஒழுக்கத்தை நிரூபி, பிறகு உரிமை தருகிறோம் என்ற பேச்சை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள். சுத்தமாக இரு, மாட்டுக்கறியை விடு, குடியை விடு, பிறகு பார்க்கலாம். 'முதலில் வீடு' என்ற கொள்கை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

ஓட்டை எங்கே

அப்படியானால் மிச்சமுள்ள 32,000 பேர் ஏன் வெளியே நிற்கிறார்கள்?

முதல் காரணம் வீட்டுக்காரர்கள். வவுச்சர் கையில் இருந்தாலும் 'வவுச்சர்காரர்களுக்கு வீடு இல்லை' என்று சொல்ல அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படி இடமிருக்கிறது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இதைத் தடை செய்துள்ளன. நாடு முழுவதற்குமான தடை இல்லை. நிறத்தைச் சொல்லி மறுப்பது 1968 முதல் குற்றம். ஆகவே வவுச்சரைச் சொல்லி மறுக்கிறார்கள். சென்னையில் 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டுகிறவர் சாதியைக் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

இரண்டாவது, கணக்குப் பிள்ளைகளின் கொடூரம். போரில் ஏற்பட்ட ஊனத்துக்கு அரசு தரும் இழப்பீட்டை வருமானம் என்று கணக்கிட்டார்கள். ஊனம் அதிகமானால் இழப்பீடு அதிகம். இழப்பீடு அதிகமானால் வருமான வரம்பைத் தாண்டிவிடுவார். தாண்டினால் மலிவு வீட்டுக்குத் தகுதி இல்லை. அதிகம் காயப்பட்டவருக்கு வீடு இல்லை என்பதே இதன் முடிவு. 2024 ஆகஸ்டில்தான் வீட்டுவசதித் துறை வாடகை உதவித் திட்டத்துக்கான தகுதியில் இதைத் திருத்துவதாக அறிவித்தது.

மூன்றாவது, நிலம். மேற்கு லாஸ் ஏஞ்சலஸ் நிலத்தில் 1,200 வீடுகள் கட்டுவதாக 2015 இல் ஒரு வழக்கின் சமரசத்தில் அரசு ஒப்புக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தபோது அதில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. 2024 செப்டம்பரில் நீதிபதி டேவிட் கார்ட்டர், மைதானத்துக்கும் பள்ளிக்கும் தந்த குத்தகைகள் சட்டவிரோதம் என்றார். 750 தற்காலிக வீடுகளையும், 1,200 க்கு மேல் இன்னொரு 1,800 நிரந்தர வீடுகளையும் கட்ட ஆணையிட்டார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. படைவீரர்களைக் கொண்டாடாத கட்சி அமெரிக்காவில் கிடையாது. அவர்களுக்கு அவர்களுடைய நிலத்தையே திருப்பிக் கொடுக்கச் சொன்னால் மட்டும் வழக்கறிஞர்கள் கிளம்பிவிடுகிறார்கள். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசிய எவருக்கும் இது பழகிய காட்சி.

தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை

இனி இரண்டாவது கேள்வி. ஏகாதிபத்தியப் படையின் ஆட்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?

வியட்நாமுக்கும் ஈராக்குக்கும் போன படையை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் போர்களை முடிவு செய்தவர்கள் யாரும் கூடாரத்தில் படுத்திருக்கவில்லை. வேலையில்லாத ஊர்களிலிருந்தும் கல்லூரிக்குப் பணமில்லாத வீடுகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து, பயன்படுத்தி, பிறகு வீசிவிடுவது போரின் இன்னொரு பகுதி. போரை எதிர்ப்பவர்கள் அதையும் எதிர்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. படைவீரர்களின் வீடின்மையைக் குறைக்க இரு கட்சிகளும் பணம் ஒதுக்கின. ஏனென்றால் அவர்கள் 'தகுதியுள்ள' ஏழைகள். அவர்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும் தாய்க்கும், பக்கத்து நடைபாதையில் இருக்கும் முன்னாள் சிறைவாசிக்கும் அந்தத் தகுதி இல்லை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போக இடமில்லாதவர் பொது இடத்தில் படுத்தாலும் தண்டிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் டிரம்ப் அதே லாஸ் ஏஞ்சலஸ் நிலத்தில் 2028 க்குள் 6,000 படைவீரர்களைக் குடியமர்த்துவோம் என்று ஆணை வெளியிட்டார். இரண்டே மாதத்தில், ஜூலையில் வந்த இன்னோர் ஆணை 'முதலில் வீடு' கொள்கைக்கான ஆதரவை நிறுத்தவும், தெருவில் இருப்பவர்களை அப்புறப்படுத்தவும் சொன்னது. ஒரு கையால் வீரருக்கு வணக்கம், மறு கையால் அவரைத் தெருவிலிருந்து மீட்ட முறைக்கே முடிவு.

தகுதி பார்த்துத் தரும் உரிமை எந்த நேரமும் பறிபோகும். கறுப்பினப் படைவீரர்களின் வரலாறு சொல்வதும் அதுதான். 1946 பிப்ரவரியில் ஐசக் வுடர்ட் என்ற கறுப்பின சார்ஜன்ட், படையிலிருந்து கௌரவமாக விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், தெற்கு கரோலினா காவல் அதிகாரியால் அடிக்கப்பட்டு இரண்டு கண்களையும் இழந்தார். அடித்தவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. சீருடையே காப்பாற்றவில்லை என்றால் வேறெந்தத் தகுதிச் சான்று காப்பாற்றும்?

இது நமக்கும் நெருக்கமான வரலாறுதான். பீமாராவின் தந்தை ராம்ஜி, பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதார். பீமாராவ் பிறந்ததே ராணுவ முகாம் நகரமான மாவ்வில். படையில் தலைமுறைகளாகப் பணியாற்றிய மகர்களைப் பிறகு படையில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். அந்த சுபேதாரின் மகன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917 இல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார். தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்ற கும்பல் அவரை வெளியேற்றியது. ரயில் புறப்படும் நேரம்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அன்று அவரிடம் எல்லாத் தகுதியும் இருந்தது. வீடுதான் இல்லை.

என்ன செய்ய வேண்டும்

அமெரிக்கக் கறுப்பின இயக்கங்களும் வீட்டுரிமை அமைப்புகளும் கேட்பவை தெளிவானவை. வவுச்சரைக் காட்டி வீடு மறுப்பதை நாடு முழுவதும் குற்றமாக்க வேண்டும். ஊன இழப்பீட்டை எந்த வீட்டுத் திட்டத்திலும் வருமானமாகக் கணக்கிடக் கூடாது. கௌரவமற்ற விடுவிப்புகளை நிறப்பாகுபாட்டின் கண்ணோட்டத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். படைவீரர்களுக்கென்று கொடுத்த நிலம் படைவீரர்களிடம் திரும்ப வேண்டும். 1944 சட்டத்தின் பயன் மறுக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு அதைத் திருப்பித் தரும் மசோதா ஒன்று 2021 இல் ஐசக் வுடர்ட் பெயரையும் தாங்கி அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. அதை நிறைவேற்ற வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைதான் வேரைத் தொடுகிறது. மற்றவை இன்று தெருவில் இருப்பவரை வீட்டுக்குள் கொண்டுவரும். இது, அவருடைய பேரப்பிள்ளை நாளை தெருவுக்கு வராமல் தடுக்கும்.

இவற்றோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். படைவீரர்களிடம் வெற்றி பெற்ற முறையை எல்லோருக்கும் விரிக்க வேண்டும். வீடும், கூடவே ஓர் ஆளும், நிபந்தனையின்றி. பதினான்கு ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைக்க முடிந்த ஒரு சிக்கலை இனி யாரும் விதி என்று சொல்ல முடியாது.

தோழர்களே, நம் ஊரிலும் தலைவர்களின் பெயரில் மைதானங்களும் மணிமண்டபங்களும் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பெயர்ப்பலகையின் கீழும் நின்று, இந்த நிலம் யாருக்குக் கொடுத்தது, அவர்கள் இன்றிரவு எங்கே படுத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பழகுவோம்.